ஏவுதளம் மட்டும் போதுமா?

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் பல ஆண்டுகளாக இயங்கி வருகிறது. ராக்கெட் இயந்திரங்களைச் சோதிக்கும் இடமும், சிறிய ராக்கெட்டுகள் புறப்படவிருக்கும் இடமும் தென் மாவட்டங்களிலேயே அமைந்துவிட்டன. ஆனால், இவற்றுக்கு வேண்டிய பாகங்களையும் சிறு செயற்கைக்கோள்களையும் தயாரிக்கும் தொழில் எங்கே வளரப்போகிறது?

ஏவுதளம் அருகில் இருப்பதாலேயே தொழில் வந்துவிடாது என்பதற்கு ஸ்ரீஹரிகோட்டாவே சான்று. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கிருந்து ராக்கெட்டுகள் ஏவப்படுகின்றன. ஆயினும் தனியார் விண்வெளி நிறுவனங்கள் பெரும்பாலும் பெங்களூரு, ஹைதராபாத், சென்னை ஆகிய நகரங்களில்தான் தோன்றின. ஆய்வகங்களும் பொறியாளர்களும் துணைத் தொழில்களும் இருக்கும் இடத்தைத் தேடியே தொழில் செல்கிறது.

இதில் பலரும் கவனிக்கத் தவறுவது சோதனை வசதி. துல்லியமான ஒரு பாகத்தைக் கடைந்தெடுக்க நம் ஊர்ப் பட்டறைகளால் முடியும். அந்தப் பாகம் விண்வெளியில் தாக்குப்பிடிக்கும் என்று நிரூபிப்பதுதான் கடினம். ஏவப்படும்போது ராக்கெட் கடுமையாக அதிர்கிறது. தாழ்வட்டப் பாதையை அடைந்த செயற்கைக்கோள் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வெயிலின் சூட்டுக்கும் நிழலின் கடுங்குளிருக்கும் மாறிமாறி உள்ளாகிறது. வெற்றிடத்தில் பசையும் நெகிழியும் கசியவிடும் வாயு, கேமராவின் வில்லையில் படிந்து அதைப் பாழாக்கிவிடக்கூடும். ஆகவே அதிர்வு மேடை, வெப்ப வெற்றிட அறை, தூசியற்ற தூய அறை, மின்காந்தக் குறுக்கீட்டை அளக்கும் கூடம் ஆகியவற்றில் தேறிய பிறகே ஒரு கருவி விண்ணுக்குச் செல்லத் தகுதி பெறுகிறது.

இவை விலை உயர்ந்த கருவிகள். பொருளாதாரத்தில் இவற்றைப் 'பகுக்க இயலா மூலதனம்' என்போம். அரை அதிர்வு மேடையையோ கால் வெற்றிட அறையையோ யாரும் வாங்க முடியாது. இருபது பேர் வேலை செய்யும் நிறுவனம் ஒன்றுக்கு இக்கருவி ஆண்டில் பத்து நாட்களே தேவைப்படலாம். எஞ்சிய நாட்களில் அது கடனுக்கு வட்டியை மட்டும் ஈட்டித் தந்துகொண்டு சும்மா நிற்கும். முப்பது நிறுவனங்கள் பகிர்ந்துகொண்டால் அதே கருவி ஆண்டின் பெரும்பகுதி உழைக்கும். பொது வசதி மையத்தின் நியாயம் இவ்வளவுதான்.

தமிழகத்துக்கு இது புதிதன்று. சந்தையில் ஒன்றோடொன்று போட்டியிட்ட நூற்பாலைகள் கைகோத்ததால்தான் 1956இல் கோவையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான 'சிட்ரா' உருவானது. பஞ்சின் தரத்தையும் நூலின் வலிமையையும் சோதிக்க ஒவ்வோர் ஆலையும் தனி ஆய்வகம் வைத்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை இல்லாமற்போனது. ஆய்வுக் கருவியைப் பகிர்ந்துகொண்டதால் ஆலைகளுக்கு இடையிலான போட்டி குறைந்துவிடவில்லை, தரம்தான் உயர்ந்தது.

விண்வெளித் துறையிலும் இப்பாதை திறந்திருக்கிறது. 2020இல் அறிவிக்கப்பட்ட 'இன்-ஸ்பேஸ்' அமைப்பு, இஸ்ரோவின் வசதிகளைத் தனியார் பயன்படுத்த வழி செய்கிறது. ஆமதாபாதில் தனியாருக்கென்றே தொழில்நுட்ப மையம் ஒன்றையும் நடத்துகிறது. சென்னை ஐஐடியில் அடைகாக்கப்பட்ட அக்னிகுல் நிறுவனம், ஸ்ரீஹரிகோட்டாவில் தனக்கென அமைத்த ஏவுதளத்திலிருந்து 2024 மே 30 அன்று, முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்த இயந்திரம் பொருத்திய ராக்கெட்டை ஏவியது. கல்வி நிறுவனத்தின் ஆய்வகமும் இஸ்ரோவின் துணையும் இல்லாமல் ஓர் இளம் நிறுவனம் இதைச் சாதித்திருப்பது கடினம். ஆனால் மதுரையிலோ விருதுநகரிலோ உள்ள சிறு தொழில்முனைவோர் ஒவ்வொரு சோதனைக்கும் ஆமதாபாதுக்கோ பெங்களூருக்கோ செல்வதென்றால், பணமும் நாட்களும் கரையும்.

எனவே தென் மாவட்டங்களுக்கான பொதுச் சோதனைக்கூடம் மதுரையில் அமைய வேண்டும். மகேந்திரகிரியும் குலசேகரப்பட்டினமும் இங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. வாகனத் தொழிலில் நீண்ட மரபு கொண்ட டிவிஎஸ் 1911இல் பிறந்தது இந்த நகரில்தான். கப்பலூரில் தொழிற்பேட்டை இருக்கிறது. 1957இல் தொடங்கப்பட்ட தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. 1992 முதல் கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை லென்சுகளைத் தயாரித்து உலகெங்கும் அனுப்பிவரும் அரோலேப் இருக்கிறது. தூய்மையும் நுண்ணிய துல்லியமும் மதுரைக்குப் பழகியவை. இருந்தும், தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துக்குத் தேர்வான ஐந்து மையங்களான சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகியவற்றில் மதுரை இடம்பெறவில்லை. விண்வெளியிலும் அது நேர்ந்துவிடக் கூடாது.

பணத்துக்கும் முன்மாதிரி உண்டு. மத்திய அரசு 2020இல் தொடங்கிய பாதுகாப்புச் சோதனைக் கட்டமைப்புத் திட்டத்தில், செலவில் 75 விழுக்காடு வரை மானியமாக வழங்க வகைசெய்யப்பட்டது. எஞ்சியதைத் தொழில் நிறுவனங்களும் மாநில அரசும் ஏற்பது என்பது அதன் ஏற்பாடு. பத்தாயிரம் கோடி ரூபாய் முதலீட்டை இலக்காகக் கொண்ட தமிழ்நாடு விண்வெளித் தொழில் கொள்கைக்கு 2025 ஏப்ரலில் மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இவ்விரண்டையும் இணைத்து யோசிக்கலாம்.

இங்கே போதிய விண்வெளி நிறுவனங்கள் உள்ளனவா என்ற ஐயம் நியாயமானது. முதல் நாளே விலை உயர்ந்த வெற்றிட அறையை வாங்கிப் பூட்டி வைக்க வேண்டியதில்லை. அதிர்வுச் சோதனையும் மின்காந்தச் சோதனையும் வாகன உதிரிபாகங்களுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் மின்னணுப் பொருட்களுக்கும் தேவைப்படுகின்றன. அவற்றில் தொடங்கினால் மையம் தன் செலவைத் தானே ஈட்டும். விண்வெளித் தேவை பெருகும்போது மற்ற கருவிகளைச் சேர்க்கலாம்.

கட்டடத்தைவிட நிர்வாகமே இங்கு முக்கியம். தன் வடிவமைப்பு போட்டியாளரின் கைக்குப் போய்விடாது என்ற நம்பிக்கை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேண்டும். பெரிய நிறுவனத்துக்கும் சிறிய நிறுவனத்துக்கும் ஒரே வரிசைமுறை வேண்டும். கட்டணம் அன்றாடச் செலவை ஈடுகட்டினால் போதும். மூலதனச் செலவைச் சிறு நிறுவனங்களின் தலையில் சுமத்தக் கூடாது. மையம் தரும் சான்றிதழை இஸ்ரோ ஏற்க வேண்டும். இல்லையேல் அதே சோதனையை மறுபடியும் வேறிடத்தில் செய்ய நேரிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கருவி வாங்க ஒதுக்கும் கவனத்தில் பாதியையாவது அதை இயக்கும் தொழில்நுட்பப் பணியாளர்களைப் பயிற்றுவதில் காட்ட வேண்டும். ஆளில்லாமல் உறையிட்டு மூடி வைக்கப்பட்ட கருவிகளை அரசுக் கல்லூரிகளில் நாம் போதுமான அளவு பார்த்துவிட்டோம்.

தென் மாவட்டக் கல்லூரிகளில் படித்த பொறியாளர்கள் வேலை தேடி ஆண்டுதோறும் பெங்களூருக்கும் சென்னைக்கும் ரயிலேறுகிறார்கள். குலசேகரப்பட்டினத்திலிருந்து ராக்கெட் கிளம்புவதைக் கைபேசியில் பார்த்துப் பெருமைப்படுவது மட்டுமே அவர்கள் பங்காக இருக்கக் கூடாது. அந்த ராக்கெட்டின் ஒரு பாகமேனும் கப்பலூரில் செய்யப்பட்டு மதுரையில் சோதிக்கப்பட்டதாக இருக்க வேண்டுமானால், ஏவுதளப் பணிகள் முடியும்வரை காத்திராமல் இப்போதே முடிவெடுக்க வேண்டும்.