ஒன்றேகால் சென்ட்டில் ஓரத்து ஆள்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற சாலையில் சாணார்பட்டி. அந்தப் பக்கத்து ஊர்களில் பொங்கலோ கோயில் திருவிழாவோ வந்துவிட்டால், ஏதாவது ஒரு பொட்டலில் கம்பு நட்டு, விளக்குக் கட்டி, கபடி தொடங்கிவிடும். மைக்கில் ஒருவர் விடாமல் கத்திக்கொண்டிருப்பார். அவர் கத்துவதெல்லாம் பாடிப் போகிறவனின், அதாவது ரைடரின், பெயரைத்தான். கூட்டமும் அவனைத்தான் பார்க்கும். நான் பார்ப்பது வேறொருவனை. எதிரணியின் இடது மூலையில், கடைசிக் கோட்டை ஒட்டிக் குனிந்து நிற்பான். ரைடர் நடுக்கோட்டைத் தாண்டுவதற்கு முன் ஒரு சிட்டிகை செம்மண்ணை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துக்கொள்வான்.

அந்தச் சிட்டிகை மண்ணிலேயே கொஞ்சம் இயற்பியல் இருக்கிறது. தோலில் லேசான ஈரம் இருந்தால் பிடி இறுகும், ஈரம் அதிகமானால் வழுக்கும். பணத்தை எண்ணும்போது விரலை நனைப்பவர்கள் பக்கெட்டில் கையை முக்குவதில்லை அல்லவா, அதே சங்கதிதான். வியர்வை வழியும் கையில் மண் மிகையான ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. கபடி விதிகளும் இதை அறிந்தே எழுதப்பட்டவை. உடம்பில் எண்ணெயோ வழுக்கும் வேறு பொருளோ பூசக் கூடாது, நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும் என்கின்றன. தோலும் தோலும் உரசுவதில்தான் இந்த ஆட்டத்தின் பாதித் தீர்ப்பு இருக்கிறது.

அந்த இடத்துக்கு ‘கார்னர்’ என்று பெயர். ஏழு பேரில் இரு ஓரத்திலும் கார்னர், அடுத்து ‘இன்’, அடுத்து ‘கவர்’, நடுவில் ‘சென்டர்’. கபடி தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு. இருந்தாலும் கார்னர் ஏன் அங்கே நிற்கிறான் என்று யோசித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

இதை யோசிக்க ஆஸ்திரேலியா வரை ஒரு நடை போய்வரலாம். அங்கே ஆடப்படும் ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்தில் மைதானம் முட்டை வடிவம். நீளம் 135 முதல் 185 மீட்டர், அகலம் 110 முதல் 155 மீட்டர் வரை இருக்கலாம். நடுத்தரமாக ஒன்றை எடுத்துக் கணக்குப் போட்டால் நாலு ஏக்கருக்கு மேல் வருகிறது. நம்மூரில் ஒரு குடும்பம் நிலக்கடலை போட்டுப் பிழைக்கிற நிலம். அணிக்கு 18 பேர், மொத்தம் 36 பேர், ஆளுக்கு 11 சென்ட்டுக்கு மேல். இந்தப் பரப்பில் நடுவின் இருபுறமும் ஓரத்தில் நிற்பவர்களை ‘விங்’ என்பார்கள். பந்து எதிர் ஓரத்தில் இருக்கும்போதும் விங் ஆள் தன் ஓரத்தை விட்டு உள்ளே வந்துவிடக் கூடாது. அவன் தள்ளி நின்றால்தான் எதிரணி அவனைக் காவல் காக்க ஓர் ஆளை அங்கே நிறுத்த வேண்டியிருக்கும், நடுவில் இடம் திறக்கும். பந்து தன் பக்கம் வராத நிமிடங்களிலும் அவன் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறான். தன் கோல் ஆபத்தில் இருந்தால் பின்னால் ஓடி உதவ வேண்டும், பந்து கைக்கு வந்ததும் திரும்ப முன்னால் ஓட வேண்டும். ஓட்டம் கண்ணுக்குத் தெரியும், காத்திருப்பது தெரியாது. ஆனாலும் அங்கே ஓரத்து ஆளைக் கவனித்தவர்கள் இருந்தார்கள். நார்த் மெல்பர்ன் அணியின் விங் ஆட்டக்காரர் கீத் கிரெய்க், லீகின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை 1973, 1974 என்று அடுத்தடுத்து இரு முறை வாங்கினார். 2019 முதல் நடுப்பந்து போடும்போது யார் எங்கே நிற்க வேண்டும் என்றே விதி வந்துவிட்டது. எல்லோரும் பந்தைச் சுற்றிக் குவிந்துவிட்டால் ஆட்டம் நசுங்கிப் போகிறது என்பதே காரணம்.

இனி நம் பொட்டலுக்குத் திரும்பலாம். ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், இரு பக்கமும் உள்ள லாபி என்ற ஓரப் பட்டையையும் சேர்த்து 10 மீட்டர் அகலம். லாபியைத் தள்ளிவிட்டால் ஓர் அணியின் பாதி ஆறரைக்கு எட்டு மீட்டர். அதாவது ஒன்றேகால் சென்ட். அதில் ஏழு பேர், உள்ளே வருகிற எட்டாவது ஆள் வேறு. ஆஸ்திரேலியாவின் விங் ஆள் இடத்தை விரிக்க நிற்கிறான். நம் கார்னர் இடத்தைச் சுருக்க நிற்கிறான். அவன் நிற்கிற இடம்தான் அவன் வேலை என்பதில் மட்டும் இருவரும் ஒன்று.

இந்தச் சுருக்கும் வேலை முதலில் நடப்பது ரைடரின் கண்ணில். ஒரு தாளில் களத்தை வரைந்து பாருங்கள். இரண்டு கார்னர்களும் நடுக்கோட்டிலிருந்து ஐந்தரை மீட்டர் உள்ளே, மையத்திலிருந்து ஆளுக்கு மூன்றரை மீட்டர் தள்ளி நிற்பதாக வைத்துக்கொள்வோம். ரைடர் நடுக்கோட்டில் நிற்கும்போது அவன் கண்ணில் இரண்டு கார்னர்களுக்கும் இடையிலான கோணம் சுமார் 65 பாகை. லேசாகத் தலையைத் திருப்பினால் இருவரையும் அளந்துவிடலாம். மூன்றே முக்கால் மீட்டரில் இருக்கும் பாக் லைனுக்கு வந்தால் கோணம் 127 பாகை. இன்னும் ஒரு மீட்டர் போய் போனஸ் கோட்டை மிதித்தால் 156 பாகை. அதாவது ஒரு கார்னர் வலது காதுக்கு நேராக, மற்றவன் இடது காதுக்கு நேராக.

நம் இரு கண்களின் மொத்தப் பார்வைப் பரப்பு 180 பாகைக்கும் சற்று அதிகம். ஆனால் கூர்மையாகத் தெரிவது நடுவில் ஓரிரு பாகை மட்டுமே, கையை நீட்டிப் பார்த்தால் கட்டைவிரல் நகத்தின் அகலம். மற்றதெல்லாம் ஓரவிழி. ஓரவிழிக்கு அசைவு தெரியும், உருவம் சரியாகத் தெரியாது. இந்த ஒரு குறைபாட்டை வைத்துத்தான் மூலை ஆட்டமே ஓடுகிறது. ஒரு பக்கத்துக் கார்னர் காலைத் தட்டி, பாய்வது போல் பாவனை செய்வான். ரைடரின் கண் அந்தப் பக்கம் இழுபடும். மறுபக்கத்துக் கார்னர் சிலை போல் நிற்பான். அசையாத ஆளை ஓரவிழி பொருட்படுத்தாது. ஓணானைப் பிடிக்கப் போகிற பூனையும் இதைத்தான் செய்கிறது, யாரும் அதற்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

அடுத்தது நேரம். ஒரு காட்சியைக் கண்டு கை அசைய மனிதனுக்குச் சுமார் 0.2 வினாடி பிடிக்கும். தொடுகை மூலம் வரும் தகவலுக்கு இன்னும் கொஞ்சம் குறைவு, 0.15 வினாடியை ஒட்டி. கார்னரும் அடுத்து நிற்கும் ‘இன்’ ஆளும் கைகோத்து நிற்பதற்கு ஒரு காரணம் இதிலேயே கிடைக்கிறது. பக்கத்து ஆள் பாயத் தொடங்கியதைக் கண் சொல்வதற்குள் கை சொல்லிவிடும். என்ன இருந்தாலும் 0.2 வினாடி தாமதமானால் ரைடரின் பாதம் போய்விட்டிருக்கும். ஆகவே நல்ல கார்னர் பாதத்தைப் பார்த்துப் பாய்வதில்லை, பாதம் வரப்போவதை முன்கூட்டியே படித்துப் பாய்கிறான்.

எதைப் பார்த்துப் படிக்கிறான்? இறகுப்பந்து ஆட்டக்காரர்களை வைத்து ஆஸ்திரேலிய ஆய்வாளர் புரூஸ் அபர்நெதி 1987இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டுகிறது. எதிராளி பந்தை அடிக்கும் படத்தைப் பாதியிலேயே நிறுத்தி, பந்து எங்கே விழும் என்று கேட்டார்கள். புதியவர்கள் மட்டையை நம்பியிருந்தார்கள். தேர்ந்தவர்களுக்கு மட்டையோடு, அதற்கு முன்பே அசையும் கையும் சேதி சொன்னது. தேர்ச்சி என்பது வேகமான கண் அல்ல, எங்கே பார்ப்பது என்று தெரிந்த கண். கபடியில் இதற்கு இணை இடுப்பு என்பது என் எண்ணம். பாதத்தால் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம், உடம்பின் கனமெல்லாம் கூடியிருக்கும் இடுப்பை அப்படிச் சட்டென்று பொய்யாக நகர்த்த முடியாது.

தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன் நாற்பதைக் கடந்த பிறகும் புரோ கபடியில் ஆடியதை இப்படித்தான் புரிந்துகொள்ள முடிகிறது. லீகே அவரை ‘அண்ணா’ என்று அழைத்தது. 2016இல் பாட்னா பைரட்ஸ் கோப்பை வென்றபோது அணித்தலைவர் அவர். 2018இல் யு மும்பாவில் இடது மூலையில் ஈரானின் ஃபசல் அட்ராச்சலி, வலது மூலையில் சேரலாதன். இருவருக்கும் இடையே வயது இடைவெளி பெரியது, ரைடருக்கு இரண்டு பக்கமும் ஒரே பயம். ரைடராக அந்த வயதில் ஆடியிருக்க முடியுமா என்பது சந்தேகம். தசையின் வெடிப்பு வயதோடு குறைகிறது, இடுப்பைப் படிக்கும் கண் அவ்வளவு சீக்கிரம் குறைவதில்லை.

இப்போது பிடி. ஊர்க் கபடியில் ‘காலைப் பிடி, காலைப் பிடி’ என்று வெளியிலிருந்து கத்துவார்கள். எந்த நேரத்துக் காலை என்று யாரும் சொல்வதில்லை, அதுதான் பெரிய விஷயம். எதிரில் ஆறு பேராவது இருக்கும்போது ரைடர் போனஸ் புள்ளி எடுக்கலாம். அதற்கு ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்ட வேண்டும், அந்த நொடியில் மறு கால் காற்றில் இருக்க வேண்டும். அந்த விதி ரைடரை ஒற்றைக் காலில் நிற்க வைக்கிறது. இரு கால் ஊன்றியவனைச் சாய்ப்பது கட்டிலைச் சாய்ப்பது மாதிரி, ஒற்றைக் காலில் நிற்பவனைச் சாய்ப்பது உலக்கையைச் சாய்ப்பது மாதிரி. கார்னர் காத்திருப்பது அந்த உலக்கைக்குத்தான்.

ஆனால் பிடித்தால் மட்டும் போதாது. 70 கிலோ ரைடர் வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் திரும்பி ஓடுவதாக வைத்துக்கொண்டால், அவனை அரை வினாடியில் நிறுத்த 57 கிலோ மூட்டையைத் தூக்கும் அளவுக்கு விசை வேண்டும். தரையில் குப்புற விழுந்து கிடப்பவனின் பத்து விரல்களுக்கு அது பெரிய வேலை. நல்ல வேளையாக அவன் உடம்பை நிறுத்த வேண்டியதில்லை. கணுக்காலை மட்டும் நிறுத்தினால் போதும். மேலே இருக்கும் உடம்பு ஓடிக்கொண்டே இருக்கும், கால் வராது, ஆள் முகம் குப்புற விழுவான்.

விழுகிற ஆள் கையை நீட்டுவான். கணுக்காலிலிருந்து நீட்டிய விரல்நுனி வரை ஓர் உயரமான ஆளின் நீளம் ஏறக்குறைய இரண்டேகால் மீட்டர். விரல்நுனி நடுக்கோட்டைத் தொட்டால் பிடித்தவன்தான் வெளியே. ஆகவே நடுக்கோட்டுக்கு இரண்டு மீட்டர் தூரத்தில் போடும் கணுக்கால் பிடி தற்கொலைக்குச் சமம். போனஸ் கோட்டருகே, நாலே முக்கால் மீட்டர் ஆழத்தில் போட்டால் விழுகிறவனின் விரலுக்கும் கோட்டுக்கும் இன்னும் இரண்டரை மீட்டர் இருக்கும். அந்த இடைவெளியில்தான் கவர் ஆட்கள் வந்து மேலே விழுவார்கள். கார்னர் ஏன் முன்னே வராமல் பின்னால் ஒட்டி நிற்கிறான் என்பதற்கு என் கணக்குப்படி இதுவே விடை. பார்க்கிறவர்களுக்கு அது பயம் போலத் தெரியும். பெண்கள் களத்தில் பாதியின் ஆழம் 6 மீட்டர், போனஸ் கோடு 4 மீட்டரில். முக்கால் மீட்டர் குறைந்துவிடுவதால் அங்கே கார்னரின் பிடி இன்னும் பிசகாமல் விழ வேண்டும்.

தரையும் இந்தக் கணக்கில் சேரும். பொட்டலில் ஆட்டத்துக்கு முன் கல் பொறுக்கி, தண்ணீர் தெளிப்பார்கள். புழுதி அடங்க என்று சொல்வார்கள், உண்மையில் வேறொன்றும் நடக்கிறது. மண் துகள்களுக்கு இடையே நீர் மெல்லிய பாலம் போல் நின்று அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. கொஞ்சம் ஈரமான தரையில் பாதம் ஊன்றும், தண்ணீர் கூடினால் சேறு. விரிப்புத் தரையான ‘மேட்’டில் ஷூ போட்டு ஆடுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அங்கே ரைடர் சட்டென்று வெட்டித் திரும்பலாம். அந்தப் பிடிமானத்தின் விலையை முழங்கால் கட்டுகிறது. மண்ணில் கால் கொஞ்சம் சறுக்கும், மூட்டு தப்பிக்கும். மண்ணில் வளர்ந்த பையன்கள் முதல் முறை மேட்டில் ஏறும்போது அதிகமாகப் பழக வேண்டியது இந்தத் திரும்பலைத்தான்.

கடைசியாக, களத்தின் ஓரம். பக்கக் கோட்டுக்கு அப்பால் ஒரு மீட்டர் லாபி. ரைடர் யாரையாவது தொடும் வரை, அல்லது யாராவது அவனைத் தொடும் வரை, அந்த இடம் களமே அல்ல. தொட்டுவிட்டால் அதுவும் களம். விளையாட்டு உலகில் ஒரு தொடுகையால் மைதானமே அகலமாகும் வேறு ஆட்டம் எனக்குத் தெரியாது. கார்னர் இந்தக் கோட்டைத் தன் கூட்டாளியாக வைத்துக்கொள்கிறான். ரைடரைப் பிடிக்காமலே ஓரத்துக்கு நெருக்கி வெளியே மிதிக்க வைத்தாலும் புள்ளிதான்.

அந்தக் கூட்டாளி காலை வாரியதும் உண்டு. முதலில் முன்கதை: 2018இல் ஜகார்த்தா ஆசியப் போட்டியின் அரையிறுதியில் ஈரான் இந்தியாவை 27-18 என்று வீழ்த்தியது. 1990இல் கபடி ஆசியப் போட்டிக்குள் வந்ததிலிருந்து ஆண்கள் தங்கம் இந்தியாவின் கையைவிட்டுப் போனது அதுதான் முதல் முறை. அடுத்து ஹாங்சோ, 2023 அக்டோபர் 7, இறுதி ஆட்டம், மறுபடி ஈரான். 28-28. ஆட்டம் முடியப்போகிற நேரம். பவன் செராவத் பாடிப் போனார், யாரையும் தொடாமல் லாபிக்குள் கால் வைத்துவிட்டார். அவரைத் துரத்திக்கொண்டு ஈரான் ஆட்களும் பின்னாலேயே லாபிக்குள் வந்தார்கள். ரைடர் மட்டும் அவுட்டா, தொடுகை இல்லாமல் உள்ளே வந்த எல்லோருமே அவுட்டா? முடிவு இப்படியும் அப்படியும் மாறியது, ஆட்டம் நெடுநேரம் நின்றது, வீரர்கள் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் இந்தியா 33-29 என்று வென்றது. ஓர் ஆசியத் தங்கம், ஒரு மீட்டர் அகலத் துண்டு நிலத்தின் பேரில் அவ்வளவு நேரம் தொங்கிக்கொண்டிருந்தது.

சாணார்பட்டிப் பக்கத்துப் பொட்டலில் இந்தச் சண்டை ஒரு ராத்திரியில் நாலு தடவை வரும். பத்து ரைடு போனால் சுண்ணாம்புக் கோடு காலடியில் கரைந்து, லாபி எங்கே தொடங்குகிறது என்று நடுவருக்கே தெரியாது. இரண்டு ஊர்க்காரர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். மைக் பிடித்தவர் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கெஞ்சுவார். யாராவது ஒருவர் சுண்ணாம்புச் சட்டியைக் கொண்டுவந்து, குத்துமதிப்பாக, முன்பு இருந்ததற்கு நாலு விரல் இந்தப் பக்கமாகவோ அந்தப் பக்கமாகவோ புதுக்கோடு போடுவார். கூட்டம் திரும்ப உட்காரும். மூலையில் நிற்கிற பையன் மட்டும் அந்தப் புதுக் கோட்டை ஒரு முறை பார்ப்பான். கால் பெருவிரலால் தொட்டு அளந்துகொண்டு, அரை அடி பின்னால் நகர்ந்து, மறுபடியும் குனிந்து ஒரு சிட்டிகை மண் எடுப்பான்.