கடலடியில் மீன் எண்ணும் தன்னார்வலர்கள்

பினாங்கிற்கும் லங்காவிக்கும் இடையே உள்ள பாயார் தீவு, பவளப்பாறைகள் நிறைந்த கடல் பூங்கா. இத்தகைய பாறைகளில் மீன்வளம் குறைகிறதா என அறிய, 'ரீஃப் செக் மலேசியா' அமைப்பு 2007 முதல் நாட்டின் பல தீவுகளில் தன்னார்வ முக்குளிப்பாளர்களுடன் கணக்கெடுத்து வருகிறது.

பயிற்சி பெற்ற இவர்கள், கடலடியில் 100 மீட்டர் நாடாவை விரிப்பார்கள். மிரண்ட மீன்கள் திரும்பிவர 15 நிமிடம் காத்திருந்து, குறிப்பிட்ட சில மீன்களை மட்டும் எண்ணுவார்கள். அதனால் விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை.

சந்தையில் நாம் கெராப்பு என வாங்கும் களவாவில், 30 சென்டிமீட்டரைத் தாண்டியவையே கணக்கில் சேரும். காரணம் உண்டு. பல களவா வகைகள் பெண்ணாக வளர்ந்து, பெரிதானபின் ஆணாக மாறுபவை. பெரியவற்றையே பிடித்துத் தீர்த்தால் இனப்பெருக்கம் பாதிக்கும்.

ஒருமுறை எண்ணினால் அது வெறும் எண். ஆண்டுதோறும் அதே முறையில் எண்ணினால்தான் சரிவு முன்கூட்டியே தெரியும்.