ரெஜிஸ்ட்ரியைத் துடைத்தால் கணினி வேகமாகுமா?

கணினி மெதுவானால் பலர் முதலில் தேடுவது இலவச ரெஜிஸ்ட்ரி கிளீனரைத்தான். நிறுவி ஓடவிட்டதும் நூற்றுக்கணக்கான பிழைகள் இருப்பதாக அது பட்டியல் காட்டும். பொத்தானை அழுத்தினால் பட்டியல் மறையும், வேகம் மட்டும் வராது.

விண்டோஸ், தன் அமைப்புகளையும் நிறுவப்பட்ட மென்பொருள்களின் அமைப்புகளையும் சேர்த்து வைக்கும் தரவுத்தளமே ரெஜிஸ்ட்ரி. 1992இல் விண்டோஸ் 3.1 உடன் சிறிதாக அறிமுகமாகி, விண்டோஸ் 95இல் முழு வடிவம் பெற்றது. எந்தக் கோப்பை எந்த மென்பொருள் திறக்க வேண்டும் என்பது முதல் பயனர் கணக்குகளின் விவரம் வரை அங்கே இருக்கிறது. ஒரு மென்பொருளை நீக்கும்போது அதன் பதிவுகள் சில அங்கேயே தங்கிவிடுவது உண்மைதான்.

ஆனால் அவை வேகத்தைக் குறைப்பதில்லை. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியை ஆதியோடு அந்தமாகப் படிப்பதில்லை. வேண்டிய பதிவின் முகவரியைக் கொண்டு நேரே அங்கே போகிறது. தெருவும் கதவு எண்ணும் கையில் உள்ள தபால்காரரை, அடுத்த தெருவில் பூட்டிக்கிடக்கும் வீடு தாமதப்படுத்தாது. பல மெகாபைட் உள்ள ரெஜிஸ்ட்ரியில் சில நூறு பதிவுகளை நீக்கினால் மிச்சமாவது பெரும்பாலும் சில பத்து கிலோபைட்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பதிவில் குறித்துள்ள கோப்பு வட்டில் இல்லையென்றால் அது குப்பை என்பதே இக்கருவிகளின் முக்கியக் கணக்கு. வெளி ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்திருந்தாலும் கோப்பு இருக்காது! காலியாக இருக்கும் பதிவுக்கும் வேலை உண்டு: அது இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே பார்த்து நடக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. அதை அழித்தால் பாதிப்பு பல நாள் கழித்துத் தெரியலாம். காரணத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. 1990களில் ரெக்கிளீன் என்ற கருவியை இலவசமாகக் கொடுத்த மைக்ரோசாஃப்ட், பின்னர் அதைத் திரும்பப் பெற்றது. இன்று இத்தகைய கருவிகளைத் தாம் ஆதரிப்பதில்லை என்றே அந்நிறுவனம் அறிவித்திருக்கிறது.

இவற்றில் மிகப் புகழ்பெற்ற சிகிளீனரின் கதையையும் மறக்கக் கூடாது. 2017 ஆகஸ்டில் வெளியான அதன் 5.33 பதிப்பில், தயாரித்தவர்களுக்கே தெரியாமல் தீநிரலைப் புகுத்தியிருந்தார்கள். முறையான டிஜிட்டல் கையொப்பத்துடனேயே வந்த அந்தப் பதிப்பு சுமார் 22.7 லட்சம் கணினிகளுக்குப் போனது. கணினியின் ஆழம் வரை அனுமதி கேட்கும் எந்தக் கருவிக்கும் இந்த அபாயம் உண்டு.

ரெஜிஸ்ட்ரியில் வேகத்தோடு நேரடித் தொடர்புள்ள ஒரு பகுதி இருக்கிறது: விண்டோஸ் தொடங்கும்போது தானாக ஓட வேண்டிய மென்பொருள்களின் பட்டியல். அதைச் சீர்செய்யக் கிளீனர் தேவையில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் ஸ்டார்ட்டப் பகுதியில் வேண்டாதவற்றை நிறுத்துங்கள். எதையும் அழிக்காததால், தவறினாலும் மறுபடி இயக்கிக்கொள்ளலாம். இன்னும் விரிவாகப் பார்க்க விரும்புவோருக்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆட்டோரன்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது. பழைய ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் அதற்குப் பதில் எஸ்எஸ்டி பொருத்துங்கள். வித்தியாசம் அன்றே தெரியும்.

ஏதேனும் காரணத்துக்காக ரெஜிஸ்ட்ரியில் கை வைத்தே ஆக வேண்டுமென்றால், முதலில் ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்குங்கள். மாற்றப்போகும் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து பென்டிரைவில் சேமித்துவிட்டு, அதன் பிறகு தொடங்குங்கள்.