வேலியே பயிரை மேய்ந்தால்

வெம்பக்கோட்டையைச் சூழ்ந்த சிற்றூர்களில் பட்டாசுத் தொழில் செய்து வாழ்வோர் பலர். அத்தகையோர் இல்லம் ஒன்றில் பத்து வயதுச் சிறுவன் சில வாரங்களில் மெலிந்துவிடுகிறான் எனக் கொள்வோம். அவன் ஓயாது நீர் பருகுகிறான். இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுகிறான். மருத்துவர் குருதியைச் சோதித்து, “இது முதல்வகை நீரிழிவு” என்கிறார். “எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இந்நோய் இல்லையே! நான் கொடுத்த தின்பண்டந்தான் காரணமோ?” எனத் தாய் கலங்குகிறாள். அவள் கலக்கத்தைத் தீர்க்கும் விடை அறிவியலில் உண்டு.

உணவிலிருந்து கிடைக்கும் சர்க்கரையை உடல் பயன்படுத்த இன்சுலின் என்னும் சுரப்பு வேண்டும். அதனைத் தருபவை கணையத்திலுள்ள பீட்டா அணுக்கள். நோய்க் கிருமிகளை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்கள், சிலரது உடலில் இவ்வணுக்களையே பகையெனக் கருதி அழிக்கின்றன. வேலியே பயிரை மேய்வது போன்றது இச்செயல். அப்பொழுது குருதியில் தன்னெதிர்ப்பொருள்கள் தோன்றுகின்றன. புகை நெருப்பைக் காட்டுவதுபோல, இவை உள்ளே நிகழும் அழிவைக் காட்டுகின்றன. லண்டன் ஆய்வாளர்கள் 1974-ஆம் ஆண்டில் இவற்றைக் கண்டு வெளியிட்டனர். நோய் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இவை தோன்றுதலும் உண்டு.

இந்நோய் குடும்பவழி வருவதா? பெற்றோர் தருவது நோயை அன்று. நோய்க்கு இடந்தரும் இயல்பையே. வெடிமருந்து இருப்பினும் பொறி படாவிடின் வெடிப்பதில்லை அன்றோ? அதுபோல, மரபணுவோடு சூழலும் சேர்ந்தே இந்நோயை உண்டாக்குகிறது. உருவொத்த இரட்டையருள் ஒருவர்க்கு வந்தால் மற்றவர்க்கும் வந்தே தீரும் என்பதில்லை. மேலைநாட்டு ஆய்வுகளின்படி, நோயுற்றவரின் உடன்பிறந்தார் நூற்றுவருள் ஏறத்தாழ ஐவர் அல்லது அறுவர்க்கே இது வருகிறது. நோயுற்றோருள் பத்தில் ஒன்பது பேரின் நெருங்கிய உறவினர் எவருக்கும் இந்நோய் இருப்பதில்லை. ஆகவே, தாய் கொடுத்த தின்பண்டமும் காரணமன்று, குலமும் பழிக்கத்தக்கதன்று.

முற்காலத்தில் இந்நோய் கண்ட குழந்தைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை. 1922-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கனடா நாட்டு டொராண்டோ நகரில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அன்று முதல் அந்நிலை மாறியது. இன்று, நாள்தோறும் தவறாமல் இன்சுலின் பெறும் சிறுவன் மற்றவரைப் போலவே படிக்கலாம், ஓடி விளையாடலாம். பிறர் சொல் கேட்டு ஊசியை நிறுத்தினாலோ சில நாளில் உயிருக்கே இடர் நேரும். எனவே, பழி கூறுவதை விடுத்து, ஊசிக்குரிய வேளையை அவனுக்கு நினைவூட்டுவதே உற்றாரும் உடன்பயில்வோரும் செய்யத்தக்க உதவியாகும்.