பழைய கார், சின்ன பட்ஜெட்: திருடனைத் தடுக்க எங்கே ஆரம்பிப்பது?

அப்பா பல வருஷம் ஓட்டிய புரோட்டோன் வீரா, அக்கா கைமாற்றிக் கொடுத்த பெரோடுவா கன்சில், சேர்த்து வைத்த பணத்தில் வாங்கிய முதல் தலைமுறை மைவி. நம்மில் பலருக்கு முதல் கார் இப்படித்தான் கைக்கு வருகிறது.

"இந்தப் பழைய காடிய யார் எடுக்கப் போறாங்க?" என்று நீங்கள் நினைக்கலாம். திருடனின் கணக்கு வேறு. உதிரிபாகங்களை வாங்க ஆள் இருக்கும்வரை பழைய காருக்கும் விலை உண்டு. அதோடு புது காரைவிட அதைத் திறப்பதும் சுலபம்.

காரை நம்பித்தான் வேலைக்கோ கல்லூரிக்கோ போகிறீர்கள் என்றால், அது காணாமல் போன மறுநாளே சிக்கல் ஆரம்பித்துவிடும். அதனால் இருக்கும் பணத்தை எந்த வரிசையில் செலவு செய்வது என்று பார்ப்போம்.

பழைய காரில் அப்படி என்ன பலவீனம்?

முதலாவது பூட்டு. பல வருஷம் புழங்கியதில் சாவியும் தேய்ந்திருக்கும், பூட்டின் உட்புறமும் தேய்ந்திருக்கும். அப்படித் தேய்ந்த பூட்டு சில நேரம் வேறு சாவிக்கும் திறந்துகொள்ளும்.

இரண்டாவது இம்மொபைலைசர். புது கார்களின் சாவிக்குள் ஒரு சிறிய சிப் இருக்கும். அதைக் கார் அடையாளம் காணாவிட்டால் இன்ஜின் இயங்காது. பழைய கார்கள் பலவற்றில் இந்த வசதி இல்லை.

உங்கள் காரில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சாவிக் கடையில் வெட்டிய சாதாரண இரும்புச் சாவியிலேயே இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது என்றால், இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு வகைத் திருட்டு

கண்ணாடியை உடைத்து உள்ளே இருக்கும் பையை எடுப்பது ஒரு வகை. காரையே ஓட்டிக்கொண்டு போவது இன்னொரு வகை. ஒன்றுக்கான தடுப்பு மற்றதற்கு உதவாது. ஸ்டீயரிங் பூட்டு உங்கள் லேப்டாப்பைக் காப்பாற்றாது. கண்ணாடியில் ஒட்டும் பிலிம் காரை ஓட்டிப் போவதைத் தடுக்காது.

எதைச் செய்தாலும் எந்தக் காரையும் திருடவே முடியாததாக ஆக்கிவிட முடியாது. திருடனுக்குப் பிடிக்காதவை இரண்டு: நேரமும் சத்தமும். அந்த இரண்டையும் கூட்டினால் போதும்.

காசு செலவில்லாமல் செய்யக்கூடியவை

• பை, கைப்பேசி, சார்ஜர், சில்லறை, டச் அண்ட் கோ அட்டை எதுவும் வெளியிலிருந்து பார்த்தால் தெரியக்கூடாது. பை வெறும் பைதான் என்று உங்களுக்குத் தெரியும். திருடனுக்குத் தெரியாது.

• பொருளை பூட்டில் வைக்கப் போகிறீர்கள் என்றால், கிளம்பும் இடத்திலேயே வைத்துவிடுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு வைத்தால், பார்க்கிங்கில் நிற்கும் எல்லாரும் பார்ப்பார்கள்.

• ஓட்டும்போது பக்கத்து சீட்டில் கைப்பையை வைக்காதீர்கள். சிவப்பு விளக்கில் நிற்கும்போது மோட்டாரில் வந்து கண்ணாடியை உடைத்துப் பறிப்பவர்கள் குறிவைப்பது அதைத்தான்.

• எண்ணெய் நிலையத்தில் பணம் கட்டப் போகும்போதும், மாமாக் கடையில் பொட்டலம் வாங்க இறங்கும்போதும் இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, கதவைப் பூட்டுங்கள். "ரெண்டு நிமிஷம்தானே" என்பது திருடனுக்குத் தாராளமான நேரம்.

• ரிமோட்டை அழுத்தியதோடு விட்டுவிடாமல், கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பழைய காரில் பிறகு பொருத்திய சென்ட்ரல் லாக் சில நேரம் ஒரு கதவை மட்டும் விட்டுவிடும்.

• காரின் கிராண்டை உள்ளே வைக்காதீர்கள். சாலை வரி வில்லையைத் தனியார் கார்களில் ஒட்ட வேண்டும் என்ற கட்டாயம் 2023 பிப்ரவரியில் நீங்கிவிட்டது. மைஜேபிஜே செயலியில் காட்டினால் போதும்.

• வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில் நிறுத்துங்கள். கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

முதல் 100 ரிங்கிட் எதற்கு?

புது அலாரம் வாங்குவதற்கு முன்னால், ஏற்கெனவே இருப்பதைச் சரிசெய்யுங்கள். சரியாகப் பூட்டாத பின்கதவு, முழுதாக மேலே ஏறாத கண்ணாடி, திருகினால் சுற்றிக்கொண்டே இருக்கும் பூட்டு. இவை இருக்கும்போது அலாரம் போட்டு என்ன பயன்? உங்கள் போர்மேனிடம் காட்டினால், பழுதுபார்த்தே சரியாகுமா, பூட்டை மாற்ற வேண்டுமா என்று சொல்லிவிடுவார்.

அடுத்தது ஸ்டீயரிங் பூட்டு. சாதாரணமானது 100 ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். வாங்கும்போது உங்கள் காரில் மாட்டிப் பாருங்கள். மாட்டிய பிறகு ஸ்டீயரிங்கை முழுச் சுற்றுச் சுற்ற முடியக்கூடாது. மஞ்சள், சிவப்பு போன்ற பளிச்சென்ற நிறம் நல்லது. தூரத்திலிருந்தே தெரிந்தால், சிலர் அடுத்த காரைத் தேடிப் போய்விடுவார்கள்.

தினமும் மாட்டினால்தான் பலன். பின்சீட்டில் கிடக்கும் பூட்டு எதையும் தடுக்காது.

கில் சுவிட்ச் என்றால் என்ன?

பழைய காருக்குக் குறைந்த செலவில் கிடைக்கும் நல்ல பாதுகாப்பு இதுதான். உங்களுக்கு மட்டும் தெரிந்த இடத்தில் ஒரு மறைவான சுவிட்ச். அதை அணைத்துவிட்டால் ஸ்டார்டருக்கோ பெட்ரோல் பம்புக்கோ மின்சாரம் போகாது. சாவித் துவாரத்தை உடைத்தாலும் கார் கிளம்பாது, அல்லது கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடும்.

ஆனால் இதில் கவனம் வேண்டும். வயரிங் தெரிந்தவர்தான் பொருத்த வேண்டும். தளர்வான இணைப்பும் மெலிந்த வயரும் சூடேறித் தீப்பிடிக்கலாம். பெட்ரோல் பம்பில் போட்ட சுவிட்சில் இணைப்பு விட்டுப்போனால், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் அணைந்துவிடும். ஸ்டார்டர் வயரில் போட்டால் அந்த ஆபத்து இல்லை. எதில் போடலாம் என்று கேட்டு முடிவு செய்யுங்கள். முழங்கால் பட்டு அணையும் இடத்தில் சுவிட்சை வைக்கச் சொல்லாதீர்கள்.

அலாரம், டிராக்கர், டின்ட்?

பணம் மிச்சம் இருந்தால் இவற்றைப் பார்க்கலாம்.

அலாரம் சத்தம் போடும், அவ்வளவுதான். அடுக்குமாடியின் 10வது மாடியில் நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தால் காதில் விழாமல் போகலாம். காற்றுக்கும் இடிக்கும் கத்தும் அலாரத்தை அக்கம்பக்கத்தாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

ஜிபிஎஸ் டிராக்கர் திருட்டைத் தடுக்காது, கார் இருக்கும் இடத்தைக் காட்டும். கார் போய்விட்டால் அந்தத் தகவலைப் போலீசிடம் கொடுங்கள். நீங்களே தேடிக்கொண்டு போகாதீர்கள். கார் திரும்பி வருவதைவிட நீங்கள் பத்திரமாக இருப்பது முக்கியம்.

பாதுகாப்பு பிலிம் ஒட்டினால், உடைந்த கண்ணாடி உடனே உதிராமல் பிடித்துக்கொள்ளும். கையை உள்ளே விட நேரமாகும். டின்ட் நிறத்துக்கு ஜேபிஜே வரம்பு உண்டு. 2019 மே முதல் முன்கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு, முன்பக்கக் கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காடு ஒளியை உள்ளே விட வேண்டும். பின்புறக் கண்ணாடிகளுக்கு வரம்பு இல்லை.

இன்சூரன்ஸ் தாளை எடுத்துப் பாருங்க

பழைய கார் வைத்திருக்கும் பலர் செலவைக் குறைக்க 'தேர்ட் பார்ட்டி' காப்புறுதி மட்டும் எடுக்கிறார்கள். அதில் உங்கள் கார் திருடுபோனால் ஒரு சென் கூடக் கிடைக்காது. 'தேர்ட் பார்ட்டி, தீ, திருட்டு' என்று இன்னொரு வகை உண்டு. முழுக் காப்புறுதியைவிடச் சந்தா குறைவு, திருட்டுக்கும் பாதுகாப்பு உண்டு. அடுத்த முறை புதுப்பிக்கும்போது கேட்டுப் பாருங்கள்.

முழுக் காப்புறுதி உள்ளவர்கள் கண்ணாடிக்கான கூடுதல் காப்புறுதியையும் சேர்க்கலாம். உடைந்த கண்ணாடிக்கு அதில் இழப்பீடு கேட்டால், உங்கள் என்.சி.டி. கழிவு குறையாது. காருக்குள் இருந்த லேப்டாப், பை போன்றவற்றுக்குப் பொதுவாக வாகனக் காப்புறுதி பணம் தராது.

உடைச்சுட்டாங்க, இப்போ என்ன செய்வது?

திருடன் இன்னும் அங்கேயே இருந்தால் நெருங்காதீர்கள். தள்ளி நின்று 999க்கு அழையுங்கள். போய்விட்டான் என்றால், எதையும் தொடுவதற்கு முன்னால் படம் எடுங்கள். வங்கி அட்டை போயிருந்தால் முதலில் அதை முடக்குங்கள். பிறகு போலீசில் புகார் செய்யுங்கள். காப்புறுதி இழப்பீடு கேட்க அந்தப் புகார் நகல் தேவைப்படும்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய வேண்டியதில்லை. பழக்கம் முதலில், பூட்டு அடுத்து, கில் சுவிட்ச் அதற்குப் பிறகு. இன்றிரவு கீழே இறங்கிப் போய் நான்கு கதவையும் பூட்டையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அதற்குச் செலவே இல்லை.