கேமிங் லேப்டாப் வாங்கப் போறீங்களா? விலையைப் பார்க்கறதுக்கு முன்னாடி எடையைப் பாருங்க!



காலையில திண்டிவனம் ஸ்டேஷன்ல சென்னை பக்கம் போற ரயிலுக்கு நிக்கறவங்களைக் கவனிச்சிருக்கீங்களா? நிறைய பேர் தோள்ல ஒரு லேப்டாப் பேக் இருக்கும். செங்கல்பட்டு, மகேந்திரா சிட்டி, தாம்பரம்னு தினமும் போயிட்டு வர்றவங்க. இவங்கள்ல பலருக்கு முதல் லேப்டாப் அரசு கொடுத்தது. 2011-ல ஆரம்பிச்ச விலையில்லா மடிக்கணினி திட்டத்துல, ப்ளஸ் டூ படிக்கும்போது கைக்கு வந்தது. அதுல பைசா செலவு இல்ல.

ரெண்டாவது லேப்டாப்தான் சொந்தக் காசு. அது பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாள்லயே, இஎம்ஐ-ல வருது. கடைக்குப் போறவங்க கேக்கறது மூணு விஷயம்: ஆஃபீஸ் வேலைக்கும் வேணும், ராத்திரி கேம் ஆடவும் வேணும், தூக்கிட்டுப் போகவும் ஈஸியா இருக்கணும். இந்த மூணையும் ஒரே மெஷின்ல கேக்கும்போதுதான் 50,000 ரூபாய் பட்ஜெட் ஒரு லட்சத்தைத் தொடுது.

இந்த மூணுல உங்களுக்கு நிஜமாவே எது தேவை? அதை முடிவு பண்ணிட்டா பாதிப் பணம் அங்கயே மிச்சம். எப்படின்னு பார்க்கலாம்.

கேள்வி 1: வாரத்துல எத்தனை நாள் தூக்கிட்டுப் போவீங்க?

சாதாரண 15.6 இன்ச் கேமிங் லேப்டாப் 2.2 கிலோவுல இருந்து 2.5 கிலோ வரைக்கும் இருக்கும். அதோட சார்ஜர் ஒரு செங்கல் மாதிரி, தனியா அரைக் கிலோவுக்கு மேல. டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில் சேர்த்தா தோள்ல 4 கிலோ. உட்கார இடம் கிடைக்காத ரயில்ல, தினமும் ரெண்டு வேளை. 14 இன்ச் சாதாரண லேப்டாப்னா 1.3 முதல் 1.5 கிலோதான். சின்ன டைப்-சி சார்ஜரே போதும்.

"போற வழியில கேம் ஆடலாமே"ன்னு நினைக்காதீங்க. கேமிங் லேப்டாப்பை பிளக்குல இருந்து எடுத்துட்டா கிராபிக்ஸ் கார்டுக்குப் போற கரண்ட் குறையும், கேம் திணறும். பெரிய கேம்னா பேட்டரியும் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல காலி.

அதனால உங்க நிலைமையை வச்சு முடிவு பண்ணுங்க:

* கம்பெனி லேப்டாப் கொடுத்திருக்கா? அப்போ தினசரி வேலைக்கான லேப்டாப் ஏற்கனவே கையில இருக்கு. உங்களுக்குத் தேவை வீட்ல வச்சு ஆட ஒரு மெஷின். அதே காசுக்கு டெஸ்க்டாப்ல இன்னும் நல்ல கிராபிக்ஸ் கிடைக்கும். கம்பெனி லேப்டாப்ல மட்டும் கேம் இன்ஸ்டால் பண்ணாதீங்க, அது வேலைக்கே வேட்டு வைக்கும்.
* சென்னையில பிஜி-ல தங்கி, சனி ஞாயிறு மட்டும் ஊருக்கு வர்றீங்களா? வாரத்துக்கு ஒரு தடவை 3 கிலோ தூக்கறது பெரிய விஷயம் இல்ல. கேமிங் லேப்டாப் உங்களுக்கு சரி.
* சொந்த லேப்டாப்பை தினமும் தூக்கிட்டுப் போகணுமா? அப்போ 14 இன்ச்தான். அதுல எந்த கேம் ஓடும்னு அடுத்து பார்ப்போம்.

கேள்வி 2: என்ன கேம் ஆடறீங்க? பேரைச் சொல்லுங்க

"எல்லா கேமும் ஓடணும்"னு கடையில சொன்னா, இருக்கறதுலயே விலை ஜாஸ்தியானதைத்தான் காட்டுவாங்க. போன ஒரு வருஷத்துல நீங்க நிஜமா ஆடின மூணு கேம் பேரை ஒரு பேப்பர்ல எழுதுங்க.

பிஜிஎம்ஐ மட்டும்தான்னா லேப்டாப்பே வேணாம். அது மொபைல் கேம். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, ஜிடிஏ 5 மாதிரின்னா தனி கிராபிக்ஸ் கார்டு கட்டாயம் இல்ல. இப்போ வர்ற நல்ல ரைசன், இன்டெல் பிராசஸர்ல உள்ளேயே இருக்கற கிராபிக்ஸ்ல, செட்டிங்கைக் கொஞ்சம் குறைச்சா நல்லாவே ஓடும். சைபர்பங்க் 2077, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 மாதிரி பெரிய கேம்னாதான் தனி கிராபிக்ஸ் கார்டுக்கு காசு போடறதுல அர்த்தம் இருக்கு.

அப்படி போடறதா இருந்தா கார்டு பேரை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. ஒரே ஆர்டிஎக்ஸ் 4050 கார்டை, லேப்டாப் கம்பெனிகள் 35 வாட்ல இருந்து 115 வாட் வரைக்கும் எதுல வேணும்னாலும் வைக்கலாம். ஸ்டிக்கர் ஒண்ணுதான், ஓடற வேகம் வேற. இந்த வாட் கணக்குக்குப் பேரு டிஜிபி. போலீஸ் டிஜிபி இல்லீங்க, கிராபிக்ஸ் கார்டு மொத்தமா இழுக்கற கரண்ட். கம்பெனி வெப்சைட்ல அந்த மாடலோட ஸ்பெக் ஷீட்ல இருக்கும். கடைக்காரருக்குத் தெரியலைன்னா, அங்கயே போன்ல பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

இன்னும் ரெண்டு விஷயம்:

ரேம் 16 ஜிபி இருக்கட்டும். "இப்போ 8 போதும், அப்புறம் ஏத்திக்கலாம்"ங்கறது பழைய கணக்கு. ஏஐ சர்வர்களுக்கு ரேம் அள்ளிட்டுப் போறதால 2025 கடைசியில இருந்து உலகம் முழுக்க ரேம் விலை ஏறிடுச்சு. சில மெல்லிசான லேப்டாப்புல ரேமை போர்டுலயே ஒட்டியிருப்பாங்க, அப்புறம் மாத்தவே முடியாது. உள்ளேயே இருக்கற கிராபிக்ஸ்ல ஆடறவங்க, ரேம் ரெண்டு சேனல்ல ஓடுதான்னு கேளுங்க, வேகத்துல நல்ல வித்தியாசம் தெரியும்.

அப்புறம் ஸ்டோரேஜ். ரெட் டெட் 2 ஒண்ணுக்கே 150 ஜிபி வேணும். 512 ஜிபி வாங்கினா, இன்னொரு எஸ்எஸ்டி போட காலி ஸ்லாட் இருக்கான்னு பாருங்க.

நோ காஸ்ட் இஎம்ஐ: காஸ்ட் எங்க ஒளிஞ்சிருக்கு?

0% வட்டி இஎம்ஐ-ங்கற பேர்ல வட்டியை மறைச்சு வாங்கறதை 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி தடை பண்ணிடுச்சு. இப்போ நடக்கறது என்னன்னா, பேங்க் வட்டி போடும், அதே அளவு தொகையை கடையோ பிராண்டோ முன்னாடியே தள்ளுபடியா கழிச்சுடும்.

ஒரு கணக்கு போடுவோம். லேப்டாப் ரூ.72,000. கிரெடிட் கார்டுல 9 மாசம், மாசம் ரூ.8,000. வட்டி ஆண்டுக்கு 16%-னு வச்சுக்குவோம்.

* கடனா எழுதற தொகை: சுமார் ரூ.67,425
* 9 மாச வட்டி: சுமார் ரூ.4,575
* அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி: ரூ.823. இதை யாரும் தள்ளுபடி பண்ண மாட்டாங்க, உங்க பாக்கெட்தான்.
* புராசஸிங் கட்டணம் ரூ.199-னா, ஜிஎஸ்டி சேர்த்து ரூ.235

ஆக ரூ.1,058 போச்சு. "முழுசா கட்டினா எவ்வளவுக்குத் தருவீங்க?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அதுல ரூ.3,000 குறைச்சிருப்பாங்கன்னா, உங்க நோ காஸ்ட் இஎம்ஐ-யோட காஸ்ட் ரூ.4,000-ஐத் தாண்டிடுச்சு.

இதைக்கூட விட்டுடலாம். பெரிய ஆபத்து வேற. கைக்கு வர்ற சம்பளம் 30,000-னா, 8,000 இஎம்ஐ அதுல நாலுல ஒரு பங்குக்கும் மேல. வீட்டுக்குக் கொடுக்கறது, ரயில் பாஸ், பைக் பெட்ரோல் எல்லாம் போக கையில என்ன மிஞ்சும்? நடுவுல வேலை போனாலோ, வீட்ல ஒரு ஆஸ்பத்திரி செலவு வந்தாலோ, கார்டு பில்லைக் கட்ட முடியாது. அப்போ மாசம் 3.5% அளவுக்கோ அதுக்கு மேலயோகூட வட்டி ஓடும், வருஷத்துக்கு 42% அளவுக்கு. கூடவே சிபில் ஸ்கோர் இறங்கும். நாளைக்கு வீட்டுக்கடன் கேக்கும்போது, ஒரு கேமுக்காக விழுந்த அந்தக் கறுப்புப் புள்ளி முன்னாடி வந்து நிக்கும்.

ஒத்திகை இஎம்ஐ: 3 மாசம் செஞ்சு பாருங்க

வாங்கறதுக்கு முன்னாடி 3 மாசம், சம்பளம் வந்த அன்னிக்கே அந்த ரூ.8,000-ஐ தனி அக்கவுன்ட்ல போடுங்க. முடியலையா? அப்போ இந்த லேப்டாப் உங்க சம்பளத்துக்கு இல்ல, விலை குறைஞ்சதைப் பாருங்க. முடிஞ்சுதா? கையில ரூ.24,000 இருக்கு. மீதி ரூ.48,000-க்கு 6 மாசம் போதும். இன்னியில இருந்து எண்ணினா அதே 9 மாசம்தான், ஆனா கடன்ல இருக்கறது 6 மாசம் மட்டும். ரேம் விலையால நடுவுல கொஞ்சம் விலை ஏறினாலும், சம்பளத்துக்கு மீறின கடன்ல மாட்டறதை விட அது தேவலை.

"டாக்ஸ்ல கழிச்சுக்கலாமா?"ன்னு சிலர் கேக்கறாங்க. சம்பளக்காரங்க சொந்த லேப்டாப் விலையை வருமான வரியில கழிக்க முடியாது.

பாண்டியில வாங்கினா சீப்பா?

நம்ம பக்கத்துல இந்தக் கேள்வி இல்லாம லேப்டாப் பேச்சே முடியாது. 2017 ஜூலைக்கு முன்னாடி, வாட் வரி இருந்த காலத்துல, மாநிலத்துக்கு மாநிலம் வரி மாறும். ஜிஎஸ்டி வந்த பிறகு திண்டிவனம், புதுச்சேரி, சென்னை எல்லா இடத்துலயும் லேப்டாப்புக்கு ஒரே 18%. கடைக்காரர் தர்ற தள்ளுபடி மட்டும்தான் வித்தியாசம். அதுக்காக போயிட்டு வர சுமார் 80 கிலோமீட்டர் வண்டி ஓட்டறது லாபமான்னு நீங்களே கணக்குப் பாருங்க.

விலையை விட சர்வீஸ்தான் முக்கியம். ஆன்சைட் வாரண்டி இருந்தா ஆள் வீட்டுக்கு வருவார். இல்லைன்னா, 3 கிலோவைத் தூக்கிட்டு நீங்கதான் சர்வீஸ் சென்டருக்கு அலையணும். வாங்கறதுக்கு முன்னாடியே கம்பெனி கஸ்டமர் கேர்ல உங்க பின்கோடைச் சொல்லி, 604001-னா 604001, ஆன்சைட் உண்டான்னு கேட்டுடுங்க.

2024 ஃபெஞ்சல் புயல் ஞாபகம் இருக்கும். பக்கத்துல மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. தண்ணி பட்டதையும், கீழ போட்டு உடைஞ்சதையும் சாதாரண வாரண்டி கவர் பண்ணாது. அதுக்கு ஆக்சிடென்டல் டேமேஜ் கவர் தனியா எடுக்கணும். தினமும் ரயில்ல தூக்கிட்டுப் போறவங்களுக்கு, கலர் லைட் கீபோர்டை விட இதுக்குக் கொடுக்கற காசு பிரயோஜனம்.

செகண்ட் ஹேண்ட் பார்க்கறவங்களுக்கு ஒண்ணு மட்டும். விண்டோஸ் 10-க்கான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11 முறையா ஏறாத பழைய மெஷினை, எவ்வளவு சீப்பா கொடுத்தாலும் வாங்காதீங்க.

கடைக்குப் போறப்போ கையில இருக்க வேண்டிய சீட்டு

1. வாரத்துல எத்தனை நாள் தூக்குவேன்?
2. நான் ஆடற மூணு கேம் எது?
3. சார்ஜரோட சேர்த்து எடை எவ்வளவு?
4. டிஜிபி எத்தனை வாட்? ரேம் 16 ஜிபியா?
5. முழுசா கட்டினா என்ன விலை?
6. என் பின்கோடுக்கு ஆன்சைட் வாரண்டி உண்டா?
7. 3 மாச ஒத்திகை இஎம்ஐ முடிஞ்சுதா?

ஏழுக்கும் பதில் இருந்தா தைரியமா வாங்குங்க, சந்தோஷமா ஆடுங்க. சம்பாதிக்கறவங்க தனக்குப் பிடிச்சதை வாங்கறதுல தப்பே இல்ல. அடுத்த மாசம் பில் வரும்போதும் அந்த சந்தோஷம் மிச்சம் இருக்கணும், அவ்வளவுதான்.