மொபைல் போனில் டெஸ்க்டாப் எடிட்டர்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் வாரத்திலேயே நோட்பேடைத் திறந்து நாலு வரி அடித்துப் பார்த்திருப்பீர்கள். எழுத்தின் அளவு, வண்ணம், படம் என்று எதுவும் இல்லாமல் வெறும் எழுத்தை மட்டும் பைலாகச் சேமித்துத் தரும் சாப்ட்வேர்களை டெக்ஸ்ட் எடிட்டர் என்பார்கள். வீட்டில் பாதி எழுதி வைத்த பைலை பஸ்ஸில் போகும்போது போனில் தொடர முடியுமா? தாராளமாக முடியும்.

போனிலேயே இருக்கும் நோட்ஸ் அப்ளிகேஷன் போதாதா என்று கேட்கலாம். அவற்றில் பல, நீங்கள் எழுதியதைத் தங்களுக்குள்ளேயே பூட்டி வைத்துக் கொள்கின்றன. டெக்ஸ்ட் எடிட்டர் தருவதோ சாதாரண பைல். பெயர் வைக்கலாம், காப்பி எடுக்கலாம், எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கலாம்.

ஆண்ட்ராய்ட் போனில் இதற்குப் பலரும் பயன்படுத்துவது டெர்மக்ஸ் என்ற இலவச சாப்ட்வேர். லினக்ஸ் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையை அப்படியே போனுக்குள் கொண்டு வருகிறது. எப்-ட்ராய்ட் தளத்திலிருந்து இதை இறக்கிக் கொள்ளுங்கள். இன்ஸ்டால் செய்ய அனுமதி கேட்டால் கொடுக்கவும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஏ-ஷெல் என்ற அப்ளிகேஷன் இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் பலரும் தேடிப் போவது விம் எடிட்டரைத்தான். இங்கேதான் முதல் சிக்கல். விம் எடிட்டரின் தாத்தா "விஐ". அதை 1976ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் எழுதினார். அவர் முன் இருந்த ஏ.டி.எம்.-3ஏ டெர்மினலின் கீ போர்டில், இன்று டேப் கீ இருக்கும் இடத்தில் எஸ்கேப் கீ இருந்தது. சுண்டு விரலுக்கு எட்டும் தூரம் என்பதால், அடிக்கடி எஸ்கேப் தட்டும்படி எடிட்டரை அமைத்துவிட்டார். ஹெச், ஜே, கே, எல் கீகளில் அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்ததால் கர்சரை நகர்த்தவும் அவையே பயன்பட்டன. நெதர்லாந்துக்காரரான பிராம் மூலெனார் 1991ல் வெளியிட்ட விம் எடிட்டரும் அதே வழியில்தான் நடக்கிறது. உங்கள் போனின் கீ போர்டிலோ எஸ்கேப்பே கிடையாது!

டெர்மக்ஸ் இதற்கு வழி செய்திருக்கிறது. கீ போர்டுக்கு மேலே எஸ்கேப், டேப், கண்ட்ரோல், ஆல்ட், அம்புக்குறிகள் கொண்ட இரண்டு வரிசைகள் தெரியும். போனின் பக்கவாட்டில் உள்ள வால்யூம் குறைக்கும் பட்டனை அழுத்திக் கொண்டு ஓர் எழுத்தைத் தட்டினால் அது கண்ட்ரோல் கீயாக வேலை செய்யும். வால்யூம் கூட்டும் பட்டனுடன் ஆங்கில இ எழுத்தைத் தட்டினால் எஸ்கேப்.

விம் திறந்தவுடன் எழுத ஆரம்பிக்க முடியாது. முதலில் ஆங்கில ஐ கீயைத் தட்ட வேண்டும். எழுதி முடித்ததும் எஸ்கேப், பிறகு கோலன், டபிள்யூ, க்யூ என அடித்து என்டர் தட்டினால் பைல் சேமிக்கப்பட்டு வெளியே வருவீர்கள். எழுதியது வேண்டாம் என்றால் எஸ்கேப், கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். இது தெரியாமல் மாட்டிக் கொள்வது புதியவர்கள் மட்டுமல்ல. ஸ்டாக் ஓவர்ப்ளோ தளத்தில் "விம் எடிட்டரிலிருந்து வெளியே வருவது எப்படி" என்ற கேள்வியை 2017க்குள் 10 லட்சம் முறைக்கு மேல் பார்த்திருந்தார்கள். எங்கள் துறையில் இது பழைய ஜோக்.

என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்குபவர் விம் பக்கமே போக வேண்டாம். நானோ என்ற எடிட்டர் போதும். பி.கே.ஜி. என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களை அடித்து, இடம் விட்டு இன்ஸ்டால், மீண்டும் இடம் விட்டு நானோ என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். திறந்தவுடன் எழுதலாம். கண்ட்ரோல்+ஓ சேமிக்க, கண்ட்ரோல்+எக்ஸ் வெளியேற. மறந்து போனாலும் திரையின் அடியிலேயே எழுதியிருக்கும். 2025ல் வந்த ஈமேக்ஸ் 30 பதிப்பு டெர்மக்ஸ் இல்லாமலே ஆண்ட்ராய்டில் நேரடியாக ஓடுகிறது. ஆனால் அதைக் கற்க மாதக் கணக்காகும்.

தினமும் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதுபவர் என்றால், கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. கீ போர்டையே ஒரு ஓ.டி.ஜி. அடாப்டர் மூலம் போனில் செருகிப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் வேலை செய்யும். திரையில் பாதியை அடைத்துக் கொள்ளும் கீ போர்டும் மறைந்துவிடும்.

தமிழில் எழுத

கறுப்புத் திரையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலமுள்ள கட்டம்தான். நம் கொம்பும் காலும் அதற்குள் அடங்காமல் எழுத்தை விட்டு விலகி நிற்கும். விம்மில் இன்னொரு தொல்லை, கீ போர்ட் தமிழில் இருக்கும்போது கட்டளை எதுவும் அதற்குப் புரியாது. எனவே தமிழுக்கு மார்க்கர் என்ற எடிட்டரைப் பயன்படுத்துங்கள். இதுவும் எப்-ட்ராய்டில் இலவசம். சாதாரண டெக்ஸ்ட் பைலாகவே சேமிக்கிறது.

பைல் எங்கே போகிறது?

எடிட்டரைத் தேர்ந்தெடுப்பதைவிட இதில்தான் அதிக கவனம் தேவை. டெர்மக்ஸில் எழுதும் பைல்கள் வழக்கமாக அதன் சொந்த போல்டருக்குள் போகும். மற்ற அப்ளிகேஷன்களுக்கு அந்த இடம் தெரியாது. இடம் போதவில்லை என்று என்றாவது டெர்மக்ஸை அன்-இன்ஸ்டால் செய்தால், ஆறு மாத வீட்டுக் கணக்கும் அத்துடன் போய்விடும். அதனால் முதல் நாளே டெர்மக்ஸ், செட்டப், ஸ்டோரேஜ் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் நடுவில் ஹைபன் இட்டுச் சிறிய எழுத்துக்களில் அடித்து என்டர் தட்டி, போன் கேட்கும் அனுமதியைக் கொடுங்கள். ஸ்டோரேஜ் என்ற போல்டர் வரும். அதனுள் இருக்கும் டவுன்லோட்ஸ் போல்டரில் சேமித்தால், அது உங்கள் போனின் உண்மையான டவுன்லோட் போல்டர். டெர்மக்ஸ் போனாலும் பைல் இருக்கும்.

கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இணைத்ததும் பைலைக் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்த பிறகே திறங்கள். இரண்டு இடத்திலும் ஒரே பெயரில் பைல் இருந்தால், புதியதன் மேல் பழையது ஏறிவிடும். பெயரோடு தேதியையும் சேர்த்துவிட்டால் குழப்பமில்லை.

பழைய கம்ப்யூட்டரில் திறக்கும்போது எல்லா வரிகளும் ஒரே வரியாக ஒட்டிக் கொண்டு வரலாம். பயப்பட வேண்டாம். வரி முடிவைப் போன் ஒரு குறியாலும் விண்டோஸ் இரண்டு குறிகளாலும் குறிக்கின்றன. விண்டோஸ் 10க்கு 2018 அக்டோபரில் வந்த அப்டேட் முதல்தான் நோட்பேடுக்கு இரண்டும் புரிகிறது. அதற்கு முந்தையது என்றால் நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் பயன்படுத்துங்கள்.

தமிழ் பைலில் ஆபத்து வேறு. 2019ல் வந்த விண்டோஸ் 10, 1903 பதிப்புக்கு முந்தைய நோட்பேடில் புதிய பைல் திறந்து, போனில் எழுதியதை அதில் ஒட்டிச் சேமித்தால், அது ஆன்சி முறையில் சேமிக்கப் பார்க்கும். ஒரு எச்சரிக்கை வரும். படிக்காமல் ஓகே கொடுத்தால், தமிழ் என்ற சொல் ????? என்று ஐந்து கேள்விக்குறிகளாகிவிடும். இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால்தான் மூன்று எழுத்துக்கு ஐந்து. சேவ் அஸ் விண்டோவின் அடியில் என்கோடிங் என்ற இடத்தில் யு.டி.எப்.-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். கேள்விக்குறியாகச் சேமித்து மூடியதை மீட்க வழியில்லை. எனவே கம்ப்யூட்டரில் பைலை ஒரு முறை மூடித் திறந்து பார்க்கும் வரை போனில் உள்ளதை அழிக்காதீர்கள்.